மரத்தரைக்கு ஸ்டெயின் நிறம் தேர்ந்தெடுப்பது எப்படி? தேய்ப்பு முதல் மேற்பூச்சு வரை முழுமையான வழிகாட்டி

பழைய மரத்தரையைத் தேய்த்துப் புதுப்பிக்க முடிவு செய்பவர்களில் பலர் முதல் வேலையாக வண்ண அட்டையை எடுத்து, அதில் ஒரு சதுரத்தைச் சுட்டிக்காட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. பெயிண்ட் தனக்கு அடியில் இருப்பதை மறைத்துவிடும், மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் அப்படியல்ல. மரத்தின் துளைகளிலும் தேய்ப்புக் கீறல்களிலும் அதன் நிறமி தங்குகிறது. மரத்தின் சொந்த நிறமோ அதற்கு ஊடாகத் தொடர்ந்து தெரிகிறது. எனவே நாம் காண்பது இரண்டும் கலந்த ஒரு நிறம். எந்த உப்புத்தாளால் தேய்த்து முடித்தோம், மேலே எந்தப் பூச்சு வருகிறது, அறையில் எந்த வெளிச்சம் விழுகிறது என்பவையும் அந்த நிறத்தை மாற்றும். மரம், தேய்ப்பு, ஸ்டெயின், மேற்பூச்சு, வெளிச்சம் ஆகிய ஐந்தில் டின்னுக்குள் இருப்பது ஒன்று மட்டுமே என்பதால், மற்ற நான்கையும் முதலில் உறுதிசெய்துகொண்டு, நிறத்தை உங்கள் தரையின் மேலேயே வைத்துத் தீர்மானிக்கும் வரிசையில் இந்த வழிகாட்டி அமைந்துள்ளது.

படி 1: தரை தேய்ப்பைத் தாங்குமா என்று பாருங்கள்

ஸ்டெயின் வெறும் மரத்தில்தான் பிடிக்கும். பழைய வார்னிஷ் ஓரிடத்தில் மிச்சமிருந்தாலும் அங்கே நிறம் ஏறாது. ஆகவே நிறத்தை மாற்றவேண்டுமானால் தரை முழுவதையும் மரம் தெரியும்வரை தேய்த்தாக வேண்டும். முழு மரப்பலகை பொதுவாக 18 அல்லது 19 மில்லிமீட்டர் தடிமன் உடையது. அதைப் பலமுறை தேய்க்கலாம். அடுக்குப் பலகையாக இருந்தால், மேலே ஒட்டப்பட்டிருக்கும் அசல் மர அடுக்கின் தடிமனைத்தான் கணக்கில் கொள்ளவேண்டும். அது 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் தேய்க்கும் எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது. தடிமனை அறிய, தரையில் பதித்த காற்றுத் துவாரத்தின் மூடியையோ கதவு நிலையருகே உள்ள இணைப்புப் பட்டியையோ கழற்றிப் பலகையின் வெட்டு விளிம்பைப் பார்க்கலாம். மரத்தைப் போல அச்சிடப்பட்ட லேமினேட் தரைக்கு இந்த வழிகாட்டியின் எந்தப் படியும் பொருந்தாது.

மிகப் பழைய வீடுகளில், தரையின் மேலிருக்கும் பெயிண்டிலோ பழைய பூச்சிலோ ஈயம் இருக்கக்கூடும். ஐயம் இருந்தால் தேய்ப்பதற்கு முன் சோதித்துக்கொள்ளுங்கள்; ஈயம் கலந்த தூசி குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும்.

படி 2: உங்கள் தரை எந்த மரம்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஸ்டெயின் வாங்குவது வீண். ஒரே டின்னிலுள்ள ஸ்டெயின் ஒரு மரத்தில் இளம்பழுப்பாகவும், வேறொன்றில் செம்பழுப்பாகவும், மற்றொன்றில் திட்டுத்திட்டாகவும் தோன்றும்.

தரைகளில் பரவலாகக் காணப்படும் ஓக் மரத்தில் இரு வகைகள் உண்டு. சிவப்பு ஓக்கைத் தேய்த்ததும் அதில் ஓர் இளஞ்சிவப்புச் சாயல் தென்படும்; வெள்ளை ஓக் மணல் நிறத்திலும், சற்றே ஆலிவ் பச்சை கலந்தும் இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல இயலாதபோது, பலகையின் மேல் ரேகைகளுக்கு இடையே ஓடும் மெல்லிய கருங்கோடுகளைப் பாருங்கள். சிவப்பு ஓக்கில் அவை குட்டையாக இருக்கும். வெள்ளை ஓக்கில் பல மடங்கு நீண்டு தெரியும். வெட்டு முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் மற்றொரு வேறுபாடும் புலப்படும்: சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்திருக்கும், வெள்ளை ஓக்கின் வைரப் பகுதியில் (நடுவிலுள்ள முதிர்ந்த கட்டையில்) அவை ஒருவகைச் சவ்வு வளர்ச்சியால் அடைபட்டிருக்கும். இரண்டுமே ஸ்டெயினை நன்றாக ஏற்கும் மரங்கள்தாம். ஆனாலும் சிவப்பு ஓக்கின் இளஞ்சிவப்பு, மேலே பூசும் ஒவ்வொரு நிறத்திலும் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

மேப்பிளும் பிர்ச்சும் அடர்த்தியானவை; துளைகள் மிக நுண்ணியவை. அடர்நிற ஸ்டெயின் இவற்றில் ஓரிடத்தில் ஏறி, அடுத்த இடத்தில் ஏறாமல், மேகம் படிந்தது போன்ற திட்டுகளை உண்டாக்கும். இம்மரங்களில் தரை அமைந்திருந்தால் இயற்கை நிறத்திலேயே விடுவது அல்லது ஓரிரு சாயல் மட்டும் ஆழப்படுத்துவது என்ற எல்லைக்குள் நின்றுகொள்வது அறிவுடைமை. பைன் போன்ற மென்மரங்களில் சிக்கல் வேறுவிதமானது. ஆண்டு வளையத்தில் வெளிறிய மென்பகுதி ஸ்டெயினை மிகுதியாக உறிஞ்சிக் கருத்துவிடும். ஏற்கெனவே கருமையாக இருந்த கடின வரியோ நிறத்தை ஏற்காமல் வெளிர்ந்து நிற்கும். புகைப்படத்தின் நெகட்டிவைப் போல ரேகைகள் தலைகீழாகிவிடுவதால், முன்பு பார்த்த மரமா இது என்று தோன்றும்.

தேக்குத் தரைக்குத் தனிக் கவனம் வேண்டும். புதிதாகத் தேய்த்த தேக்கு பச்சையும் பழுப்புமாகச் சீரற்ற நிறத்தில் தெரிவதைக் கண்டு பதற்றம் அடையவேண்டியதில்லை. வெளிச்சம் பட்டபின் அது படிப்படியாகப் பொன்பழுப்பாகச் சமன்படும். அம்மரத்தின் இயற்கை எண்ணெய் ஸ்டெயினும் மேற்பூச்சும் உலர்வதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், பூசுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் போன்ற கரைப்பானால் துடைப்பது வழக்கம். தேக்கிற்கும் வால்நட்டிற்கும் ஸ்டெயின் தேவையா என்று என்னைக் கேட்டால், பெரும்பாலான வீடுகளில் தேவையில்லை என்றே சொல்வேன்.

காலப்போக்கில் மரம் தானாகவே நிறம் மாறும் என்பதையும் மறக்கலாகாது. செர்ரி மரம் வெளிச்சத்தில் நாளடைவில் செம்மையாகக் கருக்கும். வால்நட் அதற்கு மாறாக வெளிறும். கம்பளம் விரித்திருந்த இடம் தனிச் சதுரமாகத் தெரிவது இதனால்தான். நீங்கள் இன்று தேர்ந்தெடுக்கும் நிறம் சில ஆண்டுகளில் எந்தப் பக்கம் நகரும் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கவேண்டும்.

படி 3: ஸ்டெயினுக்கு முன்பே மேற்பூச்சை முடிவு செய்யுங்கள்

பலரும் தலைகீழாகச் செய்வது இந்தப் படியைத்தான். எண்ணெய் அடிப்படையிலான பாலியூரித்தேன் (தரையைக் காக்கும் ஒளிபுகும் பூச்சு) தானே தேன் நிறமுடையது. பூசியவுடன் மரத்திற்கு இளஞ்சூட்டுச் சாயலைத் தருவதோடு, ஆண்டுகள் செல்லச்செல்ல மேலும் மஞ்சளிக்கும். நடுத்தரப் பழுப்புக்கும் அடர்பழுப்புக்கும் அந்த மஞ்சள் அழகு சேர்க்கும். ஆனால் வெளிர்சாம்பல், வெண்மை, மணல் போன்ற நிறங்களின் மேல் அதைப் பூசினால், தேர்ந்தெடுத்த நிறம் முதல் நாளிலேயே கைநழுவிவிடும். நீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் ஏறக்குறைய நிறமற்றது. ஸ்டெயினின் நிறத்தைப் பெரும்பாலும் அப்படியே காட்டும், பெரிதாக மஞ்சளிக்காது. அடர்நிறங்களின் மேல் அது சில வேளைகளில் சற்றுக் குளிர்ந்த, சாம்பல் பூத்த தோற்றத்தைத் தரலாம்.

கடின மெழுகு எண்ணெய் மூன்றாவது வழி. நிறம் கலந்த மெழுகு எண்ணெயை எடுத்துக்கொண்டால் ஸ்டெயினும் மேற்பூச்சும் ஒரே பொருளாகிவிடுகின்றன. கீறல் விழுந்த இடத்தை மட்டும் சீர்செய்யலாம் என்பது இதன் பெரும் வசதி. அதற்கு ஈடாக அவ்வப்போது பராமரிப்பு எண்ணெய் பூசவேண்டியிருக்கும்.

பளபளப்பின் அளவும் இதே கட்டத்தில் முடிவாகவேண்டிய ஒன்று. மிகுந்த பளபளப்பு நிறத்தை ஆழமாகக் காட்டும், கீறலையும் சேர்த்துக் காட்டும். மங்கலான பூச்சில் ஒளியைச் சிதறடிக்கும் நுண்துகள்கள் கலந்திருப்பதால், கருநிறத் தரையின் மேல் அது மெல்லிய மூட்டம் போலப் படியும். எனவே ஒரே ஸ்டெயினை இரு பளபளப்புகளில் பார்த்தால் இரு நிறங்களாகத் தோன்றக்கூடும்.

படி 4: ஸ்டெயின் தேவைதானா? ஓர் ஈரத்துணிச் சோதனை

அறையின் ஒரு மூலையில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு முழுமையாகத் தேய்த்து, மினரல் ஸ்பிரிட் எனப்படும் கரைப்பானில் நனைத்த துணியால் ஒரு முறை துடையுங்கள். துடைத்த ஈரம் காய்வதற்குள் தெரியும் நிறம், ஸ்டெயின் எதுவும் இல்லாமல் மேற்பூச்சு மட்டும் பூசினால் மரம் எப்படி இருக்கும் என்பதை ஏறத்தாழக் காட்டிவிடும். பழைய, மஞ்சளித்த வார்னிஷைக் கண்டு கண்டு சலித்துப்போய், தரைக்கு வேறு நிறம் வேண்டும் என்று நினைத்திருந்தவர்களில் சிலருக்கு, அந்த ஈரத் திட்டைப் பார்த்தவுடனேயே வேண்டிய நிறம் அடியிலேயே இருந்தது தெரிந்துவிடும். ஸ்டெயின் இல்லாத தரையில் தேய்ப்புக் குறைகள் அவ்வளவாகத் தெரியா. கீறல் விழுந்தாலும் அடியிலிருந்து வேறு நிறம் எட்டிப் பார்க்காது. பிற்காலப் பழுதுபார்ப்பும் எளிது. எனவே ஸ்டெயின் வேண்டாம் என்பதையும் தேர்வுக்குரிய ஒரு நிறமாகவே பட்டியலில் வைத்திருங்கள்.

மாறாக, நாய் பூனைகளின் சிறுநீரோ நெடுநாள் தேங்கிய தண்ணீரோ உண்டாக்கிய கருங்கறைகள் மரத்துக்குள் ஆழமாக இறங்கியிருந்தால், அவை தேய்ப்பில் முழுவதும் போவதில்லை. ஆக்சாலிக் அமிலம் இரும்பு சார்ந்த கருங்கறைகளை ஓரளவு வெளுக்கும். அதுவும் போதவில்லை என்றால், அந்தப் பலகைகளை மாற்றுவது அல்லது கறையை விழுங்கும் அளவுக்கு அடர்ந்த நிறத்துக்குச் செல்வது ஆகிய இரண்டு வழிகளே எஞ்சும். இத்தகைய தரைகளில் நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள் அல்ல, தரையின் கடந்தகாலம்.

படி 5: முதலில் அடர்த்தி, பிறகு சாயல்

நிறத்தைப் பற்றி யோசிக்கும்போது இரு கேள்விகளைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதியாகக் குறையும். எவ்வளவு கருமை என்பது முதல் கேள்வி. அந்த நிறம் சிவப்பு, மஞ்சள், சாம்பல் ஆகியவற்றுள் எதன் பக்கம் சாய்கிறது என்பது இரண்டாவது.

அடர்த்தியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அன்றாட வாழ்க்கையே. கருநிறத் தரை காட்சிக்கு அழகானது. ஆனால் தூசி, முடி, நூல், வெறுங்கால் தடம் அனைத்தும் அதன் மேல் எழுதி வைத்தாற்போலத் தெரியும். கீறல் விழும் இடத்தில் அடியிலுள்ள வெளிர்மரம் வெள்ளைக் கோடாக வெளிப்படும். அது ஒளியை விழுங்குவதால், சன்னல் குறைந்த அறை மேலும் இருண்டதாகத் தோன்றும். மிக வெளிர்ந்த தரையில் தூசியும் கீறலும் மறைந்துவிடும். ஆனால் பலகை இடுக்குகளில் சேரும் அழுக்கு கருங்கோடுகளாகத் தெரியும். ரேகை தெளிவாகத் தெரியும் நடுத்தரப் பழுப்பு இவ்விரண்டின் குறைகளையும் பெருமளவு பொறுத்துக்கொள்ளும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் நடமாடும் வீட்டுக்கு அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். இரு அடர்த்திகளுக்கு இடையே முடிவெடுக்க இயலாவிட்டால் வெளிர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிறத்தை மேலும் ஆழமாக்க வழிகள் உண்டு. ஆழமாகிவிட்டதை வெளிறச் செய்யவோ மறுபடியும் மரம் தெரியத் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சாயலே பெரும்பாலோர் ஏமாறும் இடம். சிவப்பு ஓக்கின் மேல் சாம்பல் ஸ்டெயின் பூசினால், மரத்தின் இளஞ்சிவப்பும் சாம்பலின் நீலமும் கலந்து தரை மங்கிய ஊதாவாகத் தெரியும். நீலச் சாயலுள்ள சாம்பலை மஞ்சள் மரத்தின் மேல் பூசினால் பச்சை எட்டிப் பார்க்கும். வெண்ணிற ஸ்டெயின் சிவப்பு ஓக்கில் ரோஜா நிறமாகிவிடுவதும் இதே காரணத்தால்தான். இதற்கான மாற்று, வண்ணச் சக்கரத்தின் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: சிவப்பைத் தணிக்கப் பச்சைச் சாயலுள்ள பழுப்பு, மஞ்சளைத் தணிக்கச் சிறிதளவு ஊதாச் சாயல். அளவு மீறினால் எதிர்நிறங்கள் ஒன்றையொன்று முழுவதும் அழித்து உயிரற்ற சேற்று நிறத்தை விட்டுச்செல்லும் என்பதால், இங்கே கைத்தாராளம் கூடாது. சாம்பல் தரை 2010-களில் பரவலான விருப்பமாக இருந்து பின்னர் செல்வாக்குக் குறைந்தது. நாகரிகத்தை ஒட்டி நிறம் தேர்வு செய்ய விரும்புவோர், சுவரின் வண்ணத்தை மாற்றுவது போலத் தரையின் வண்ணத்தை அடிக்கடி மாற்ற முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளட்டும்.

அறையில் மாறாமல் நிற்கப்போகும் மரப்பொருள்கள் எவை என்பதையும் பாருங்கள். மாடிப்படி, கதவு, சன்னல் சட்டம், சமையலறை அலமாரி ஆகியவை தரையோடு பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை. அவற்றின் நிறத்தோடு தரை அச்சாகப் பொருந்தவேண்டும். அது இயலாவிட்டால் தெளிவாக வேறுபடவேண்டும். ஏறத்தாழப் பொருந்தி, சற்றே விலகி நிற்கும் நிறம் பொருத்த முயன்று தோற்றது போலக் காட்சியளிக்கும். சுவர் வண்ணத்தை இப்போது எண்ணிக் கவலைப்படவேண்டாம். தரை முடிந்த பிறகு அதற்கேற்பச் சுவரைத் தேர்ந்தெடுப்பது எளிது.

படி 6: எந்த வகை ஸ்டெயின்

வீட்டிலேயே வேலை செய்பவருக்கு எண்ணெய் அடிப்படையிலான ஸ்டெயின் தோதானது. அது மெதுவாக உலர்வதால், பூசி, துடைத்து, ஓரங்களை இணைக்க அவகாசம் கிடைக்கும். நீர் அடிப்படையிலானது வாடை குறைந்தது, சில மணி நேரத்தில் உலர்வது. ஆனால் அந்த வேகமே அதன் குறையும் ஆகும், ஒரு பட்டை காய்ந்தபின் அடுத்த பட்டை அதன் மேல் ஏறினால் அவ்விடத்தில் இரட்டிப்புக் கருமையான கோடு விழும். ஜெல் ஸ்டெயின் மரத்துக்குள் இறங்காமல் மேற்பரப்பில் தங்குவதால் திட்டு விழும் மரங்களுக்கு உதவும். எனினும் அறை முழுவதும் அதைச் சீராகப் பரப்புவது கடினம்.

மேற்பூச்சை முதலிலேயே முடிவு செய்துவிட்டதால், இரண்டும் ஒத்துப்போகுமா என்பதை இரு டின்களின் குறிப்பிலும் இப்போதே பார்த்துவிடலாம். முடிந்தால் ஒரே தயாரிப்பாளரின் பொருள்களையே பயன்படுத்துங்கள்.

படி 7: நிறத்தை மாற்றும் தேய்ப்பு

கரடுமுரடான பரப்பில் நிறமி தங்க இடம் அதிகம். வழவழப்பான பரப்பில் குறைவு. உப்புத்தாளின் எண் கூடக்கூடத் தேய்ப்பு வழவழப்பாகும். எனவே 80 எண் தாளோடு நிறுத்திய பலகை, 120 எண் தாள்வரை தேய்த்த பலகையைவிடக் கருமையாக ஸ்டெயின் ஏற்கும். இந்த எளிய உண்மையைக் கவனிக்காததால் விளைவதே, அறையின் நடுவில் ஒரு நிறமும் சுவரோரம் நான்கு பக்கமும் சட்டம் அடித்தது போல வேறொரு நிறமும் தெரியும் தரை. நடுப்பகுதியைப் பெரிய இயந்திரமும் ஓரத்தைச் சிறிய இயந்திரமும் மூலையைக் கையும் தேய்க்கின்றன; மூன்றும் ஒரே மாதிரியான பரப்பை விட்டுச்செல்வதில்லை.

வழக்கமான வரிசை 36 அல்லது 40, பிறகு 60, பிறகு 80, கடைசியில் 100 அல்லது 120. இடையில் ஓர் எண்ணைத் தாவினால் முந்தைய தாளின் ஆழ்ந்த கீறல்கள் மறையாமல் நின்று, ஸ்டெயின் பட்டதும் கருங்கோடுகளாக எழும். தேய்ப்பு முடிந்தபின் சுழல் இயந்திரத்தில் 100 அல்லது 120 எண் வலைத்தாளை (வலை போன்ற தேய்ப்புத் தாளை) பொருத்தி, நடுவையும் ஓரத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு முறை ஓட்டினால் பரப்பு சமன்படும். ஒரு விளக்கைத் தரையில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து ஒளி விழச் செய்து பார்த்தால் மிச்சமுள்ள வட்டக் கீறல்கள் தென்படும். ஓக் தரையில் இரும்புக் கம்பிப் பஞ்சைப் பயன்படுத்தவேண்டாம்; அதன் துணுக்குகள் ஈரத்தோடு சேர்ந்து மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளுடன் வினைபுரிந்து கரும்புள்ளிகளை உண்டாக்கும்.

அடர்நிறம் விரும்புவோர் இன்னொரு உத்தியையும் அறிந்திருக்கவேண்டும். தேய்த்து முடித்த தரையை ஈரத்துணியால் சீராக நனைத்து முழுவதும் உலரவிட்டால், மரத்தின் நுண்ணிழைகள் எழுந்து துளைகள் திறக்கும். அதன்பின் பூசும் ஸ்டெயின் ஆழமாகவும் ஒரே சீராகவும் ஏறும், தேய்ப்பின் சிறு வேறுபாடுகளும் மறையும். நனைத்த தரையின் மேல் ஸ்டெயின் பூசும்வரை நடக்கக்கூடாது, மறுபடி தேய்க்கவும் கூடாது. கால் பட்டு இழை அழுந்திய இடம் வெளிறிய தடமாக நிற்கும்.

இடுக்குகளையும் ஆணித்துளைகளையும் அடைக்கும் மர நிரப்பி எதுவும், டின்னில் என்ன எழுதியிருந்தாலும், மரத்தைப் போல ஸ்டெயினை ஏற்பதில்லை. வெறும் மரத்தின் நிறத்துக்கு அல்லாமல், ஸ்டெயின் பூசிய பிறகு வரப்போகும் நிறத்துக்குப் பொருந்துவதாக அதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 8: மாதிரிகள்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் இதுவே. மாதிரிகளை இரண்டு சுற்றாகச் செய்வது நல்லது. முதல் சுற்றை, தரை முழுவதையும் தேய்ப்பதற்கு முன்பே, படி 4-இல் தேய்த்த அந்த ஒரு சதுர மீட்டரில் செய்துவிடுங்கள். பின்னால் வரும் முழுத் தேய்ப்பு அந்தப் பூச்சுகளையெல்லாம் துடைத்து எடுத்துவிடும் என்பதால் எத்தனை முயற்சி வேண்டுமானாலும் செய்யலாம். அந்த இடத்தை நீங்கள் இறுதியில் நிறுத்தப்போகும் அதே எண் தாள்வரை தேய்த்திருக்கவேண்டும். தரையை நனைக்கும் திட்டம் இருந்தால் இதையும் நனைத்து உலரவிட்டிருக்கவேண்டும்.

மூன்று அல்லது நான்கு நிறங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். ஸ்டெயின் இல்லாத வெறும் மரமும் அவற்றோடு ஒரு மாதிரியாக நிற்கட்டும். ஒவ்வொன்றும் குறைந்தது நான்கைந்து பலகைகளின் அகலத்துக்குப் பரவவேண்டும், ஏனெனில் ஒரே தரையிலேயே பலகைக்குப் பலகை மரத்தின் நிறம் மாறும். பூசியதும் எல்லா மாதிரிகளிலும் ஒரே கால அளவு, எடுத்துக்காட்டாக 5 நிமிடம், விட்டுத் துடையுங்கள். ஊறும் நேரத்தை மாற்றினால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

உலர்ந்த ஸ்டெயின் சுண்ணாம்பு பூத்தது போல மங்கிக் காட்சியளிக்கும். அந்த நிலையில் பார்த்து நிறத்தை நிராகரிப்பதும் ஏற்பதும் தவறு. ஒவ்வொரு மாதிரியின் பாதியிலும் நீங்கள் தேர்ந்தெடுத்த மேற்பூச்சை, தேர்ந்தெடுத்த பளபளப்பில், இரண்டு பூச்சுகள் பூசிய பிறகே தீர்ப்புக்கு வாருங்கள்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. குனிந்து மூக்கருகே பார்க்காமல், நின்றுகொண்டு, நீங்கள் வழக்கமாக அறைக்குள் நுழையும் திசையிலிருந்து பாருங்கள். மரத்தின் இழைகள் ஒளியைத் திசைக்கேற்ப வேறுவேறாகத் திருப்புவதால், சன்னலைப் பார்த்து நின்றால் ஒரு நிறமும் சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் இன்னொரு நிறமும் தெரியும். காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையிலும் பாருங்கள். 2700 கெல்வின் அளவுள்ள மஞ்சள் விளக்கு, தரையின் சிவப்பையும் மஞ்சளையும் தூக்கிக்காட்டும். 4000 கெல்வினும் அதற்கு மேலும் உள்ள வெள்ளை விளக்கு சாம்பலையும் பச்சையையும் வெளிக்கொணரும். விளக்கின் வண்ணத் தெளிவுக் குறியீடான சி.ஆர்.ஐ. 90-க்குக் குறைவாக இருந்தால், எந்தப் பழுப்பும் சற்று வாடியே தெரியும். அறையில் விளக்கை மாற்றப்போவதாக இருந்தால் மாதிரி பார்ப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

மாதிரிகள் ஒன்றையொன்று பாதிப்பதும் உண்டு. கரும்பழுப்புக்கு அருகில் உள்ள நடுத்தரப் பழுப்பு, இருப்பதைவிட வெளிர்ந்து தோன்றும். எனவே மற்றவற்றை அட்டையால் மூடிவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிறு சதுரத்தில் இலேசாகத் தெரியும் சிவப்போ பச்சையோ அறை முழுவதும் பரவும்போது உரத்துப் பேசும். மாதிரியில் ஒரு சாயல் உங்களைச் சற்றே உறுத்துகிறது என்றால், அது பழகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் அந்த நிறத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டு நிறங்களுக்கு நடுவே ஒன்று வேண்டுமானால் கலந்துகொள்ளலாம். ஒரே தயாரிப்பாளரின் ஒரே வகை ஸ்டெயின்களை மட்டும் கலக்கவேண்டும். 1:1, 2:1 போன்ற எளிய விகிதங்களை அளவுக்குவளையால் அளந்து கலந்து, விகிதத்தை மாதிரியின் அருகிலேயே எழுதி வையுங்கள். நிறத்தை இலேசாக்கத் தின்னர் ஊற்றுவதைவிட, அதே வரிசையிலுள்ள நிறமற்ற ஸ்டெயினைச் சேர்ப்பது பாதுகாப்பானது.

இரண்டாம் சுற்று, தரை முழுவதும் தேய்த்து முடித்த பிறகு. முதல் சுற்றில் வென்ற ஒரே நிறத்தை, பிற்பாடு அலமாரியோ கட்டிலோ மறைக்கப்போகும் ஓரிடத்தில் மேற்பூச்சு இல்லாமல் பூசி, முதல் சுற்றின் ஸ்டெயின் மட்டும் பூசிய பாதியோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பிடுவதற்காக அந்தப் பாதியைத் தேய்ப்பதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வைப்பதைவிட, அதே மரத்தின் உதிரிப் பலகை ஒன்றிருந்தால் அதில் ஒரு மாதிரி செய்து வைத்திருப்பது நம்பகமானது. கைப்பேசிப் படங்கள் பழுப்பு நிறத்தைச் சரியாகக் காட்டுவதில்லை.

படி 9: பூசும் நாள்

தேவையான மொத்த ஸ்டெயினையும் ஒரே தடவையில் வாங்கி, எல்லா டின்களையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். ஒரே பெயருள்ள இரு டின்களுக்கிடையிலும் சிறு வேறுபாடு இருக்கக்கூடும். நனைத்த தரை அதிகம் குடிக்கும் என்பதால் டின்னில் குறித்த பரப்பளவுக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்குங்கள். நிறமி அடியில் படியும். வேலை நடக்கும்போதும் அவ்வப்போது அடிவரை கிளறவேண்டும்.

இருவர் இருந்தால் வேலை சீராக நடக்கும்: ஒருவர் பூச, மற்றவர் பின்னாலேயே துடைத்துவர வேண்டும். இரண்டு மூன்று பலகைகளாக எடுத்துக்கொண்டு, பலகையின் நீளவாக்கில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை நிறுத்தாமல் செல்லுங்கள்; வெளியேறும் கதவை நோக்கியே பின்வாங்குங்கள். மாதிரியில் விட்ட அதே நிமிடக் கணக்கை இங்கும் காக்கவேண்டும். துடைக்காமல் தங்கிய ஸ்டெயின் பிசுபிசுப்பாகவே நின்று, மேற்பூச்சு ஒட்டாமல் உரிவதற்குக் காரணமாகும்.

எண்ணெய் ஸ்டெயின் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போடக்கூடாது. எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உலரும்போது வெப்பம் உண்டாகிறது. குவியலுக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானே தீப்பற்றக்கூடும். திறந்தவெளியில் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் அமிழ்த்தி வையுங்கள். தேய்ப்புத் தூசி நிறைந்த பையையும் இரவில் வீட்டுக்குள் விடவேண்டாம்.

எண்ணெய் ஸ்டெயினுக்குக் குறைந்தது ஒரு நாள் உலர்வு தேவை. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அதற்கும் மேல் ஆகும். நீர் அடிப்படை மேற்பூச்சு வரப்போகிறது என்றால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு மூன்று நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள். வெள்ளைத் துணியால் ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் தரை இன்னும் தயாராகவில்லை. மேற்பூச்சின் முதல் அடுக்கு காய்ந்தபின் இலேசாகத் தேய்க்கும்போது, விளிம்புகளில் ஸ்டெயினையும் சேர்த்துத் தேய்த்துவிடாமல் கை அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெளிறிய புள்ளி விழுந்தால், அதே கலவையைச் சிறு தூரிகையால் தொட்டுத் துடைத்து, உலரவிட்ட பிறகே அடுத்த அடுக்குக்குச் செல்லவேண்டும்.

மிஞ்சிய கலவையை ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடி, அதன் மேல் ஸ்டெயினின் பெயர், கலந்த விகிதம், கடைசித் தாளின் எண், ஊறவிட்ட நிமிடங்கள், மேற்பூச்சின் பெயர், பளபளப்பு, தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி வையுங்கள். பின்னாளில் ஒரு பலகையை மட்டும் மாற்ற நேரிடும்போது இந்தக் குறிப்பு முழுவதும் தேவைப்படும்.